ஆட்டுக் கண்ணு வரைய ஒரு பென் டேப்லெட் - எட்டு மாசம், 23 எபிசோடு கழிச்சு என்னோட ரிவியூ

முதல்லயே சொல்லிடறேன், இது ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட். கறுப்பு பலகை மாதிரி இருக்கும், அது மேல பேனாவால வரைஞ்சா லேப்டாப் ஸ்கிரீன்ல கோடு விழும். வரையற இடம் 10 இஞ்ச் அகலம் 6.25 இஞ்ச் உயரம், சார்ஜ் போட வேண்டாத பேனா, 8192 பிரஷர் லெவல் (பேனாவை அமுக்கற அளவை எத்தனை படியா பிரிச்சுப் பாக்குதுங்கற கணக்கு), பக்கத்துல எட்டு பட்டன், டப்பாவுல எட்டு ஸ்பேர் நிப் (பேனா முனை), ரெண்டு விரலுக்கு மட்டும் வர்ற கிளவுஸ் ஒண்ணு. கோயம்புத்தூர்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில 4,300 ரூபாய்க்கு வாங்கினது. கம்பெனி பேர் போடல, சர்வீஸ்ல எனக்கு நடந்தது ஒண்ணை கீழ சொல்லியிருக்கேன், ஒரே ஒரு பீஸை கையில வெச்சுக்கிட்டு ஒரு கம்பெனியையே குறை சொல்றது நியாயமா படல. இந்த விலையில வர்ற பெரும்பாலான டேப்லெட்டுக்கு நான் சொல்றதுல முக்கால்வாசி பொருந்தும்.

என்ன வரையறதுக்காக வாங்கினேன்னு தெரிஞ்சாத்தான் இந்த ரிவியூவுக்கே அர்த்தம் இருக்கும். நான் 11, 12ல தொழிற்கல்வி பிரிவுல வேளாண் அறிவியல் எடுத்துப் படிச்சேன். எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி ஒரு கொட்டகை இருந்துச்சு, அஞ்சு ஆடு, ஒரு கோழிக்கூண்டு, எட்டு முயல். புதன்கிழமை கடைசி ரெண்டு பீரியடும் அங்கதான், கால்நடை பிராக்டிகல். மார்க் கம்மியா எடுத்தவங்கதான் அந்த குரூப்புக்கு போவாங்கன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு, எங்க வீட்டுலயும் அதே பேச்சுதான், எங்க அப்பா ஒரு மாசம் என்கிட்ட சரியா பேசல. ஆனா ஆட்டோட இடது பக்க இடுப்புப் பள்ளத்துல கையை மடக்கி வெச்சு அமுக்கிட்டு அமைதியா நின்னா நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உள்ள இரைப்பை உருண்டு வந்து நம்ம கையைத் தள்ளும், அதை முதல் தடவை உணர்ந்த அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், பஸ் ஏறவே தோணல. அந்த ரெண்டு பீரியட்டைத்தான் இப்ப வெப்காமிக்கா, அதாவது நெட்ல படிக்கற காமிக்ஸா வரையறேன், பேர் 'புதன்கிழமை கொட்டகை'. வாரம் ஒரு எபிசோடு போடணும்னு ஆரம்பிச்சு இப்ப பத்து நாளைக்கு ஒண்ணுன்னு வந்து நிக்குது.

வாங்கின அன்னிக்கு ராத்திரி நடந்ததை சொல்றேன், புதுசா வாங்கறவங்க நிறைய பேர் இதுல மாட்டறாங்க. முதல் ஆட்டை வரைஞ்சேன், கை பழக்கத்துல சரியாத்தான் வரைஞ்ச மாதிரி இருக்கு, ஸ்கிரீன்ல பாத்தா ஆடு நீளமா, இழுத்து விட்ட மாதிரி நிக்குது. வட்டம் போட்டுப் பாத்தேன், முட்டை மாதிரி வருது. என் கை மேலதான் தப்புன்னு ரெண்டு நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா என் லேப்டாப் ஸ்கிரீன் 16க்கு 9, டேப்லெட் 16க்கு 10, முழு டேப்லெட்டையும் முழு ஸ்கிரீனோட பொருத்தி விட்டா அகலம் மட்டும் கூடிப் போயிடும். டிரைவர் செட்டிங்ஸ்ல வொர்க் ஏரியாவை 10க்கு 5.625ன்னு கொறச்சு வெச்சதும் வட்டம் வட்டமா வந்துச்சு. மேனுவல்ல இது ஒரு வரி கூட இல்ல. டேப்லெட் வாங்கினா முதல் வேலையா ஒரு ரூபா காசை பலகை மேல வெச்சு சுத்தி வரைஞ்சு பாருங்க, ஸ்கிரீன்லயும் வட்டமா வந்தா மட்டும் அடுத்த வேலைக்குப் போங்க.

அடுத்தது பிரஷர். நான் கிரிட்டால வரையறேன், காசில்லாத ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர், காமிக்ஸ் வரையறதுக்கு இதைவிட என்ன வேணும்னு எனக்குத் தெரியல. முதல்ல பேனாவை எவ்வளவு அமுக்கினாலும் ஒரே தடிமன்தான் வந்துச்சு, செட்டிங்ஸ்ல விண்டோஸ் இங்க், வின்டேப்னு பேனா அமுக்கறதை சாப்ட்வேருக்கு சொல்ற வழி ரெண்டு இருக்கும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திட்டு மூடித் திறந்தா சரியாயிடும். அதுக்கப்புறம் வந்த கோடு இருக்கே, அருமை. ஆட்டு ரோமத்துக்கு அடியில அமுக்கி நுனியில பேனாவை எடுத்து விடணும், சர்ர்னு வேகமா இழுக்கற கோடு, அதுல இந்த டேப்லெட்டை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கன்னி இன ஆட்டுக்கு கறுப்பு உடம்பு, முகத்துல ரெண்டு பக்கமும் கண்ணுக்கு மேல இருந்து மூக்கு வரைக்கும் வெள்ளைக் கோடு இறங்கும், அந்த வெள்ளையும் கறுப்பும் சேர்ற இடத்துல முடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும், அதை நூறு கோட்டுல கொண்டு வர முடிஞ்சுது. 8192 லெவல்னு டப்பா மேல பெருசா போட்டிருக்கறதை நம்பி கூட காசு குடுக்காதீங்க, அந்த அளவு வித்தியாசம் நம்ம கைக்குத் தெரியாது. லேசா தொட்டா கோடு பதியுதா, அதுதான் முக்கியம். இதுல ஓரளவு பதியுது. ரொம்ப அமுக்கித்தான் வரைய வேண்டியிருக்குன்னு தோணறவங்க கிரிட்டாவோட டேப்லெட் செட்டிங்ஸ்ல போய் பிரஷர் கர்வை இடது பக்கம் கொஞ்சம் தூக்கி விடுங்க, லேசா தொட்டாலே கோடு வரும், மணிக்கட்டு வலி குறையும்.

இப்ப குறைக்கு வர்றேன், ஒரே குறைதான், ஆனா என் காமிக்ஸுக்கு அது பெரிய குறை. மெதுவா இழுக்கற கோடு நடுங்குது.

என்னோட 4வது எபிசோடுல ஆட்டோட கண்ணு மட்டும் ஸ்கிரீன் முழுசுக்கும் வர்ற ஒரு பேனல் (காமிக்ஸ் கட்டம்) இருக்கு. ஆட்டோட கண்பாவை நம்மள மாதிரி வட்டம் கிடையாது, படுக்கைவாட்டுல ஒரு பட்டை, வெயில்ல மெல்லிசா இருக்கும், கொட்டகை இருட்டுக்குள்ள வந்தா அகண்டு கிட்டத்தட்ட செவ்வகமாயிடும். அந்த பேனலை நான் முதல்ல தப்பா வரைஞ்சுட்டேன். ஆடு தலையைக் குனிஞ்சு மேயற மாதிரி காட்சி, தலை சாஞ்சதால பட்டையையும் சாய்ச்சு வரைஞ்சுட்டேன். அப்புறம் உக்காந்து ஒரு ஆட்டை நேர்ல பாத்தேன், தலை குனிஞ்சாலும் அந்தப் பட்டை தரைக்கு இணையாவே நிக்குது, கண்ணு உள்ளயே சுழண்டு குடுக்குது, 50 டிகிரி வரைக்கும் கூட சுழலுமாம், மேயறப்பவும் சுத்தி எந்தப் பக்கம் நாய் வருதுன்னு தெரியணும் இல்லையா. ரெண்டு வருஷம் அந்த ஆடுங்க கூடவே நின்னிருக்கேன், கவனிச்சதே இல்ல. அதனால அந்தக் கண்ணை திருப்பி சரியா வரைஞ்சே ஆகணும்னு ஒரு வெறி.

கண்ணோட விளிம்பை வேகமா இழுக்க முடியாது. மெதுவா, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, மேல் இமை அப்படியே வளைஞ்சு மூக்குப் பக்கம் கூர்மையா இறங்கற வரைக்கும் ஒரே கோடா வரணும். அங்கதான் இந்த டேப்லெட் கைவிடுது. நேரா படுக்கைவாட்டுலயோ செங்குத்தாவோ மெதுவா இழுத்தா பரவால்ல, சாய்வா இழுத்தா கோடு பாம்பு மாதிரி நெளியுது. என் கை நடுங்கல, ஸ்கேலை வெச்சு இழுத்துப் பாத்துட்டேன், அப்பவும் அதே நெளிவு. காரணம் இதுதான், பலகைக்கு அடியில குறுக்கும் நெடுக்குமா கம்பி வலை மாதிரி இருக்கும், பேனா ரெண்டு கம்பிக்கு நடுவுல போறப்ப எங்க இருக்குன்னு டேப்லெட் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்குது, அந்தக் கணக்குல வர்ற சின்னச் சின்ன பிசகு வேகமான கோட்டுல தெரியாது, மெதுவா போறப்ப அப்படியே தெரியும். விலை கூடின மாடல்கள்ல இதை நல்லாவே குறைச்சிருக்காங்க. கடையில டெமோ பீஸ் வெச்சிருந்தா எல்லாரும் சர்ரு சர்ருனு கிறுக்கிப் பாத்துட்டு சூப்பர்னு வாங்கிட்டு வந்துடறோம், நானும் அப்படித்தான் வாங்கினேன். நீங்க ஒரு ஸ்கேலை எடுத்துட்டுப் போய் சாய்வா வெச்சு ரொம்ப மெதுவா ஒரு கோடு போட்டுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல.

இதை எப்படி சமாளிக்கறேன்னா, கிரிட்டாவுல பிரஷ் டூலுக்கு ஸ்டேபிலைசர்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா கோடு பேனாவுக்குக் கொஞ்சம் பின்னாடி, கவுத்துல கட்டி இழுக்கற மாதிரி வரும், நெளிவு காணாமப் போயிடும். ஆனா அதை எப்பவும் போட்டு வெச்சா எல்லாக் கோடும் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுன்னு ஆயிடும், ஆட்டோட முழங்கால்ல இருக்கற கரடு முரடெல்லாம் செத்துப் போயிடும், அதனால கண்ணு, கால் குளம்பு, எழுத்து இதுக்கு மட்டும்தான் ஆன் பண்றேன். இன்னொண்ணு, 200 சதவீதம் ஜூம் பண்ணி வரையறது. ஜூம் பண்ணினா அதே கண்ணை கை பெருசா வரையும், பெருசா வரையறப்ப வேகம் கூடும், அப்புறம் சின்னதா பாக்கறப்ப நெளிவு தெரியாது. நான் காமிக்ஸ் ஏத்தற வெப்டூன் கேன்வாஸ் தளத்துல ஒரு படம் 800 பிக்சல் அகலம், 1280 உயரம், ஆனா நான் 1600 அகலத்துல வரைஞ்சுட்டு கடைசியில பாதியாக் குறைச்சுத்தான் ஏத்தறேன், பாதி நெளிவு அதுலயே போயிடும். கிரிட்டாவுல கீபோர்டோட M பட்டனை அமுக்கினா படம் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பும், ஆட்டோட முகம் கோணலா இருந்தா உடனே காட்டிக் குடுத்துடும், டேப்லெட்டோட முதல் பட்டன்ல அதைத்தான் வெச்சிருக்கேன்.

தமிழ்ல எழுத்து போடறதைப் பத்தி தனியா சொல்லணும், தமிழ்ல காமிக்ஸ் வரையறவங்களுக்கு இது பெரிய வேலை. நான் முதல் ரெண்டு எபிசோடுக்கு கையாலயே பலூன் எழுத்தை, அதாவது ஆளுங்க பேசற வசனத்தை எழுதினேன். நம்ம எழுத்து எல்லாமே வளைவு, ஞ, இ, ணை எல்லாம் மெதுவா சுத்தி வர்ற கோடு, டேப்லெட்டோட நடுக்கம் அத்தனையும் அதுல ஒட்டிக்கிச்சு, படிக்கறவங்களுக்கு கண்ணு வலிச்சிருக்கும். இப்ப எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப்ங்கற இன்னொரு இலவச சாப்ட்வேர்ல டைப் பண்ணி வெக்கறேன், பேச்சுக்கு Kavivanar ஃபான்ட், கொஞ்சம் சாய்வா கையால எழுதின மாதிரியே இருக்கும், சத்தத்துக்கு பாலு தம்பி, குண்டு குண்டா இருக்கும், ரெண்டும் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். 'மேஏஏ'ன்னு போடறதுக்கு அந்த குண்டு எழுத்துதான் பொருத்தம். பலூன் அளவும் முதல்லயே யோசிக்கணும், 'தூக்கிக்கிட்டு'ங்கறது ஒரே வார்த்தை, ஒடிக்க முடியாது, ஒடிச்சா பாதி வார்த்தை ஒரு வரியிலயும் மீதி அடுத்த வரியிலயும் போய் நிக்கும். அதனால நான் வசனத்தை முதல்ல வெச்சுட்டு அதைச் சுத்தித்தான் பலூன் வரையறேன், மிச்ச இடத்துலதான் ஆளுங்க.

கீழ கீழ ஸ்க்ரோல் பண்ணிப் படிக்கற காமிக்ஸுக்கு இந்தப் பலகை அளவு போதுமான்னு ஒரு தோழி கேட்டிருந்தா. தாராளமா போதும். 9வது எபிசோடுல கோழிக்குஞ்சு வர்ற இடம் இருக்கு, ஒரே நீளமான பேனல், மேல பல்பு தொங்குது, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண கீழ குஞ்சுங்க. எங்க சார் சொல்லிக் குடுத்தது, தெர்மாமீட்டர் பாக்கறதுக்கு முன்னாடி குஞ்சைப் பாரு. எல்லாம் பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்தா குளிருது, ஓரத்துல போய் வாயைத் திறந்துக்கிட்டு நின்னா சூடு அதிகம், பரவலா சுத்திக்கிட்டு இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரா வாரம் 5 டிகிரி குறைச்சுக்கிட்டே வரணும். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சல் நோய் வராம இருக்க கண்ணுல ஒரு சொட்டு தடுப்பு மருந்து. இந்த மூணு நிலையையும் வசனமே இல்லாம குஞ்சுங்க நிக்கற இடத்தை மட்டும் மாத்தி வரைஞ்சேன், மொத்தம் 64 குஞ்சு, ஒவ்வொண்ணும் தனியா வரைஞ்சது, காப்பி பண்ணி ஒட்டல. அது முடிய நாலு ராத்திரி ஆச்சு, கை வலிக்கல. பலகை மேல கையை ஊனி வரையறதால கழுத்து நேரா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருக்கும், நோட்டுல குனிஞ்சு வரையறப்ப வர்ற பிடரி வலி எனக்கு இதுல சுத்தமா இல்ல. கையைப் பாக்காம வரைஞ்சு பழக எனக்கு மூணு வாரம் புடிச்சுது, அதுவரைக்கும் பொறுமையா இருங்க.

நிப் விஷயம். பலகை மேல சொரசொரப்பு இருக்கும், பேப்பர்ல எழுதற மாதிரி தெரியணும்னு, நல்லாத்தான் இருக்கு, ஆனா நிப் தேய்ஞ்சுக்கிட்டே போகும். எனக்கு ஒரு நிப் மூணு வாரம்தான் வந்துச்சு, ஒரு பக்கமா சீவின பென்சில் மாதிரி ஆயிடுது, அப்படியே விட்டா பலகையில கீறல் விழும். இப்ப ஸ்டேஷனரி கடையில ஒரு ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் தாள்) வாங்கி வெட்டி மேல ஒட்டிட்டேன், 10 ரூபாய்தான். முதல் நாள் வழுக்கற மாதிரி இருந்துச்சு, பழகிடுச்சு, இப்ப ஒரு நிப் ரெண்டரை மாசம் வருது.

சர்வீஸ். அஞ்சாவது மாசம் பேனாவோட பக்கத்து பட்டன் உள்ள போய் சிக்கிக்கிச்சு, வாரண்டி இருக்கு. கடையில கேட்டா கம்பெனிக்கு மெயில் போடுங்கன்னாங்க, கம்பெனி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன், அப்புறம் இன்னொரு தடவை அதே வீடியோவை கேட்டாங்க. 26 நாள் கழிச்சு புதுப் பேனா வந்துச்சு, காசு எதுவும் வாங்கல, அது வரைக்கும் சரி. ஆனா அந்த 26 நாளும் பேனா இல்லாம டேப்லெட் வெறும் பலகை, எனக்கு ரெண்டு எபிசோடு போச்சு. முயல் குட்டி போடற எபிசோடு அப்பத்தான் போட்டிருந்தேன், 31 நாள் சினைன்னு நான் காமிக்ஸ்ல கணக்கு சொல்லி முடிக்க, முயல் சினை ஆகி குட்டியும் போட்டுடும் போல, இன்னும் பேனா வரலையான்னு படிக்கறவங்க கேட்டாங்க. அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்கங்கறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. முடிஞ்சா வாங்கறப்பவே ஸ்பேர் பேனா ஒண்ணு தனியா கிடைக்குதான்னு கேட்டுக்கோங்க, கிடைக்காத மாடலா இருந்தா யோசிங்க.

போன்ல ஓடிஜி (போனோட யுஎஸ்பி சாதனத்தை இணைக்கற கனெக்டர்) போட்டும் வேலை செய்யுது, ஆனா போனை நேரா புடிச்சா பலகையில ஒரு ஓரமா சின்ன பட்டை மட்டும்தான் வேலை செய்யும். பஸ்ல போறப்ப ரஃப் ஸ்கெட்ச் போட ஆகும், அவ்வளவுதான். கேபிள் நல்ல நீளம், ஆனா பலகையில சொருகற இடம் லூஸ் ஆக ஆரம்பிச்சிருக்கு, இப்ப டேப் சுத்தி வெச்சிருக்கேன், எல் ஷேப் முனை உள்ள கேபிளா மாத்தினா சரியாகும்னு சொல்றாங்க, மாத்தணும்.

ஸ்கிரீன் உள்ள டேப்லெட் வாங்கலாமான்னா, என் தம்பியோட ஃபிரண்டுகிட்ட ஒண்ணு இருக்கு, ஒரு நாள் வாங்கி வரைஞ்சு பாத்தேன், கண்ணு எதிர்லயே கோடு விழறது சுகமாத்தான் இருக்கு, ஆனா விலை நாலஞ்சு மடங்கு, குனிஞ்சுதான் வரையணும், ரெண்டு மணி நேரத்துல பிடரி புடிச்சுக்கிச்சு. முதல் காமிக்ஸ் ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இந்த மாதிரி பலகையைத்தான் சொல்வேன். 5க்கு 3.5 குடுக்கறேன், மெதுவான கோடு மட்டும் சரியா வந்திருந்தா 4.5 குடுத்திருப்பேன். ரோமம், வைக்கோல், தூசி, ஓடற கோழி, துள்ளற குட்டி, இதுக்கெல்லாம் யோசிக்காம வாங்கலாம். முகத்தை கிட்டத்துல வெச்சு வரையறவங்க இன்னும் ஒரு 2,000 ரூபாய் சேத்து அடுத்த மாடலைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. அந்தக் கொட்டகையைப் பாத்துக்கிட்டு இருந்த ஆத்தா இன்னும் எங்க ஊர்லதான் இருக்காங்க, போன வாரம் அவங்க பேத்தி போன்ல 22வது எபிசோடை காட்டியிருக்கா. நான் பாக்கப் போனப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஆடெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, கவுத்தைத்தான் தப்பா கட்டி வெச்சுட்ட, அது சுருக்கு முடிச்சு, ஆடு இழுத்தா கழுத்தை இறுக்கிப் போடுமல்லோ"ன்னாங்க. அப்புறம் சேலை முந்தானையை எடுத்து இறுகாத முடிச்சு எப்படின்னு என் மணிக்கட்டுலயே போட்டுக் காட்டினாங்க. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து அந்த முடிச்சை மாத்தி வரைஞ்சேன், 200 சதவீத ஜூம், ஸ்டேபிலைசர் ஆன், மூணு பேனல்ல வருது, மூணுலயும் மாத்தியாச்சு. ஏற்கனவே படிச்சவங்க இன்னொரு தடவை போய் கவுத்தைப் பாருங்க.